பேட்டரியில் விட்ட முப்பது

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் உங்களை 'முப்பது வீட்டுப் புள்ளைங்க' என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும். நோர்வூட் பஸ்ஸில் உங்கள் மாமா, அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன், உங்களைக் கண்டும் காணாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் தெரியும். மகள் அதை அம்மாவிடம் சொல்லி அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துச் சுவர் எதைத்தான் மறைக்கும்.

ஊர் ஒரு கதை சொல்கிறது. அதில் பாதி பொய். பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதி வைக்கிறேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள். நடந்ததை மட்டும் திருத்தாதே.

நம் தோட்டத்து டிவிஷனுக்கு வந்த கரண்ட் கம்பங்கள் மண்சரிவில் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சரிவில் திரும்பக் கம்பம் நட முடியாது என்று கைவிட்டுவிட்டார்கள். ஒரு வருசத்துக்கு மேல் குப்பி விளக்குத்தான். பிறகு ஒரு திட்டத்தில் வந்தவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு கட்டுக் கட்டி, குழாய் இறக்கி, கீழே ஒரு டர்பைன் வைத்தார்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராக் கூரையில் சோலர் தகடுகள் போட்டார்கள். பின்னறையில் எட்டு பேட்டரியும், அதிலிருந்து கரண்டை வீடுகளுக்கு மாற்றி அனுப்புகிற ஒரு பெரிய பெட்டியும் வைத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலை மூடுமுன் எஞ்சின் அறையில் நான் கையாளாக இருந்தவன் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். ஹட்டனில் மூன்று நாள் பழக்கினார்கள். சொல்லிக்கொடுத்த இஞ்சினியர் மாத்தயா சிங்கள ஐயா, தமிழ் வராது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "பெட்டரிய ஹிஸ் கரன்ன எப்பா." பேட்டரியைக் காலியாக்காதே என்று அர்த்தம். நூற்றில் முப்பது எப்போதும் உள்ளே கிடக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும் என்றார். கெட்டால் இரண்டாவது தடவை யாரும் தரமாட்டார்கள் என்றும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். இருபதுக்கு வந்தால் பெட்டி தானாகவே நின்றுவிடும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் திரும்ப ஓடும். ஆனால் ஆத்திர அவசரத்துக்கு ஒரு தடவைதான் அமுக்கலாம். அமுக்க அமுக்க உள்ளே இருக்கிற கடைசிச் சொட்டையும் இழுத்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை லேசு என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ராத்திரி பகலாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும். வெயில் பகலில் அள்ளிக் கொடுக்கும். ஆனால் வெயில் கொடுக்கும் நேரம் நம்ம ஆட்கள் எல்லாம் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டும் நேரம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிடும். நாற்பது வீடும் ஒரே நேரத்தில் ரைஸ்குக்கர் போடும், டிவி போடும், போன் சார்ஜ் போடும். எல்லாம் பேட்டரியிலிருந்து. மழைக்காலத்தில் பனிமூட்டம் வாரக்கணக்கில் வெயிலை மறைத்தாலும் ஆறு நிறைந்து ஓடும், சமாளித்துவிடலாம். மாசி, பங்குனிதான் கஷ்டம். ஆறு சிறுத்துவிடும். வெயிலும் மத்தியானம் வரைக்கும்தான், பிறகு மூட்டம் வந்து மூடிவிடும். துணி தேய்ப்பதென்றால் பகலில் தேயுங்கள், வேலை விட்ட பெரியவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "எங்க மாமியாரு தேச்சா சட்டையில ஓட்டதான் இருக்கும்" என்று சிரித்தார்கள். காலை ஐந்தரைக்கு எல்லா வீட்டிலும் அயர்ன் ஓடியது.

மாசியில் நான் விளக்கை ஒன்பதுக்கு நிறுத்தினேன். பிறகு எட்டரை. பிறகு எட்டு.

ஏன் நிறுத்துகிறேன் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் பிள்ளைக்காம்பரா வாசலில் பழைய கரும்பலகையை மாட்டினேன். என் புத்தி அங்கேதான் கோணியது. எப்படி எழுதுவது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான், கொழுந்து நிறுத்ததும் கொடுக்கிற துண்டில் எழுதுகிற கணக்கு. அவர்களுக்கும் அதுதான் பழக்கம், சட்டென்று விளங்கும் என்று நினைத்து, பெட்டி காட்டிய எண்ணை அதே மாதிரி எழுதினேன். மொத்தம் ஐம்பத்தெட்டு. கழிவு முப்பது. மிச்சம் இருபத்தெட்டு.

சட்டென்று விளங்கியது. வேறு மாதிரி விளங்கியது.

தராசில் கழிப்பது என்றால் நம்ம ஆட்களுக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தினமும் வந்து சொல்கிற கதைதானே. சாக்குக்கு என்று கழிப்பார்கள், ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், முற்றல் இலைக்கு என்று கழிப்பார்கள். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். அந்தக் கிலோவெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததில்லை. அந்த வார்த்தையை நானே சோக்கட்டியால் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டு, தினம் ஆறு மணிக்கு ஊருக்குக் காட்டினேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் ஆரம்பித்தது. நான் லொறியில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழ் லயத்து அக்கா ஒருவர், வாய்க்குப் பேர்போனவர், கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு எத்தன கழிவு?"

"முப்பதுதாங்க அக்கா. எப்பவும் முப்பதுதான்."

"கணக்கப்பிள்ளையே மூணு கிலோவோட நிறுத்திக்கிறாரு. நீ அவருக்கும் பெரியாளா இருக்கியே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தராசுப் பக்கம் நின்ற கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கழிச்சத எங்கக்கா கொண்டுபோய் வைக்கிறாரு? ஹட்டன்ல கட கிட போட்டிருக்காரா?" என்று இன்னொரு பெண் கேட்டார்.

"ஹட்டன் வரைக்கும் எதுக்குப் போற. எட்டு மணிக்கு மேல அவுக வீட்டு ஜன்னலப் பாரு."

நான் சாக்கைத் தூக்கி லொறியில் போட்டேன்.

ஜன்னலைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மை. பேட்டரி அறைக்கு ஒட்டினாற்போல் மேல் லயத்தின் கடைசிக் காம்பராதானே நம்முடையது. அவசரத்துக்கு நான் எழுந்து வர வெளிச்சம் வேண்டும் என்று, நம் வீட்டுக் கம்பியை லயத்துச் சுவிட்சில் சேர்க்காமல் பேட்டரி அறை விளக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு லயத்தையும் நிறுத்தினாலும் நம் வீட்டில் ஒரு பல்பு எரியும். முதல் நாளே இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் மகளுக்கு அந்த வருசம் சாதாரணதரப் பரீட்சை. ஒரு பல்பு எவ்வளவு குடித்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்த பிறகும் மாற்றவில்லை. பேச்சு கிளம்பியதும் அம்மா கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினாள். படங்கு மாட்டிய பிறகுதான் எல்லோரும் நிச்சயமாக நம்பினார்கள். ஒளிக்கிற வெளிச்சம் திருட்டு வெளிச்சம்தானே.

பங்குனியில் கோயில் திருவிழா. உங்கள் மாமாதான் கோயில் கமிட்டித் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார். மூன்று நாளும் அந்தியிலிருந்து பூசை முடியும் வரைக்கும் சீரியல் பல்பும் ஸ்பீக்கரும் ஓட வேண்டும், வீடுகளிலும் விளக்கு நிற்கக் கூடாது என்றார்.

"முடியாதுங்க மச்சான். ஆத்துல தண்ணி இல்ல. ஒரு நாளுன்னா பாக்கலாம். மூணு நாளுக்குப் பேட்டரி செத்துப்போகும்."

மாமா கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"மாப்ள தெனம் முப்பது கழிக்கிறாரு. நாப்பது நாளா கழிக்கிறாரு. எத்தன ஆச்சு? ஆயிரத்து இருநூறு. அதுல ஆத்தாவுக்கு மூணு நாளு விளக்கு போட முடியாதாம்."

கை தட்டினார்கள்.

"இல்ல மச்சான். அது ஒரே முப்பதுதான். நேத்து விட்ட முப்பதுதான் இன்னைக்கும் உள்ள இருக்கு. அது சேராது."

"தராசுக்காரரும் இப்படித்தான் சொல்லுறாரு" என்றார் அந்தக் கீழ் லயத்து அக்கா.

ஒரு பொடியன் போனை நீட்டினான். விளக்கு நின்ற நேரத்தில் யாரோ பேட்டரி அறைக் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் படம் பிடித்திருந்தார்கள். முப்பத்தொன்று என்று தெளிவாகத் தெரிந்தது. "இருட்டுல நாங்க கெடக்கோம், பொட்டிக்குள்ள முப்பத்தொண்ணு கெடக்கு" என்றார் மாமா. "அதோட மாப்ள வீட்டுல ஒரு பல்பும் கெடக்கு. படங்க போட்டு மூடுனா தெரியாதா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று இப்போது தெரிகிறது. கவ்வாத்து வெட்டும்போது எல்லாக் கிளையையும் வெட்டிவிட்டு ஒரு கிளையை மட்டும் இலையோடு விடுகிறோமே, செடி மூச்சு விட. அதையும் வெட்டினால் செடி பட்டுப்போகும். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப்பேர் கவ்வாத்துக்காரர்கள். அந்த முப்பதும் அந்தக் கிளை மாதிரித்தான் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்காவது விளங்கியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என் மனசில் அப்போது இருந்தது கோபம் மட்டும்தான்.

"சாவியக் குடு" என்றார் மாமா.

கொடுத்தேன். கையில் கொடுக்கவில்லை, கோயில் படியில் வைத்தேன்.

சாவியை எடுத்துக்கொண்டு அவர் ஒன்று கேட்டார். அதற்குள் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

"வேற எதாச்சும் சொல்ல வேண்டியது இருக்கா மாப்ள?"

சிவப்புப் பொத்தான் என் நாக்கு நுனியில் நின்றது.

"ஒண்ணுமில்ல மச்சான். எல்லாம் பொட்டியிலயே எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது. சிங்களத்திலும் இங்கிலீசிலும். அவருக்கு இரண்டும் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் திருவிழா எவ்வளவு அழகாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் போனீர்கள், நான் தடுக்கவில்லை. நான் போகவில்லை. இரண்டாம் நாள் அந்தி, பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றது. நம் வீட்டு பல்பும் சேர்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. ஆட்கள் ஓடி வந்தார்கள், கதவு திறந்தது, என்னவோ பேசிக்கொண்டார்கள். டக் என்று ஒரு சத்தம். விளக்கு வந்தது. கோயில் பக்கம் ஆரவாரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடி டக். நான் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்து.

அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொத்தான அமுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"சாவி எங்கிட்ட இல்ல."

"வாய் இருக்குல்ல."

நான் எழுந்திருக்கவில்லை. எட்டு அடி தூரம்கூட இருக்காது. மூன்றாம் நாள் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவை டக் என்றபோதும் எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் இருந்தது, பிள்ளைகளே. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அமுக்கட்டும், சாகட்டும், அப்போது தெரியட்டும் என்று இருந்தேன். அந்த பேட்டரி உங்களுக்கும்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நான்காம் நாள் எத்தனை தடவை அமுக்கியும் பெட்டி எழும்பவில்லை. மத்தியானம் வரைக்கும் வெயில் காய்ந்தும் பயனில்லை. இஞ்சினியர் மாத்தயா வரும்வரை ஒரு வாரத்துக்கு மேல் டிவிஷன் முழுக்கக் குப்பி விளக்கு.

அவர் வந்து ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் வைத்துப் பார்த்தார். எட்டில் இரண்டு செத்துவிட்டன, மற்றதுகளும் பலம் குறைந்துவிட்டன, இருக்கிற ஆறை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றார். இனிமேல் முப்பது போதாது, பாதியை உள்ளே விட வேண்டும். பிறகு வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"ரது பொத்தம எபுவே கவ்த?"

சிவப்புப் பொத்தானை அமுக்கியது யார் என்று கேட்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு தடவைக்கு மேல் அமுக்கக் கூடாது என்று இவருக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தேனே என்று அவர் என்னைக் கைகாட்டினார்.

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"நான் கேட்டேன்ல மாப்ள?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

அந்தக் கீழ் லயத்து அக்காதான் எனக்காகப் பதில் சொன்னார். "ஒண்ணுமில்லன்னாரு. நாங்க எல்லாரும் கேட்டோம்."

பழகியவன் நான் ஒருவன்தான், சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் மாத்தயா ஜீப்பில் ஏறினார். மாமா இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து என் காலடியில் போட்டார்.

"புடி. இனி அம்பதாக் கழி."

அன்றிலிருந்து அவர் நம் வாசலுக்கு வரவில்லை. நானும் அவர் வாசலுக்குப் போகவில்லை. தராசு மாதிரி என்று என்னைச் சொன்னது பொய். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் உங்களுக்குப் பொய் எழுதியதாகிவிடும். ஆனால் கேட்ட மனுசனுக்குச் சொல்லாமல் விட்டது நான். இரண்டு பேட்டரி செத்ததில் அவர் கையும் இருக்கிறது, என் வாயும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது 'முப்பது வீட்டுப் புள்ள' என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். முப்பதைப் பற்றி எங்கப்பா சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால், இந்தக் கடிதத்தில் இருக்கிறதைச் சொல்லலாம்.

ஜீப் போன மறுநாள் மத்தியானம், எல்லோரும் மலையில் இருந்தார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில். நான் உடம்பு சரியில்லை என்று காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்காமல் நின்றுவிட்டேன். முதலில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். பேட்டரி அறையைத் திறந்து மெயினை நிறுத்திவிட்டு, அறை விளக்கோடு சேர்ந்திருந்த நம் வீட்டுக் கம்பியைக் கழற்றினேன். திருகாணி துருப்பிடித்திருந்தது, நேரம் எடுத்தது. அந்தக் கம்பியை மேல் லயத்துச் சுவிட்சில் மற்ற வீடுகளின் கம்பிகளோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினேன். வீட்டுக்குப் போய் ஜன்னலில் இருந்த படங்கை ஆணியோடு பிடுங்கினேன். பல்பைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மெயினை ஏற்றினேன். பட்டப்பகலில் நம் ஜன்னலுக்குள் பல்பு மஞ்சளாக எரிந்தது.

மேல் லயத்துச் சுவிட்சை இறக்கினேன். கதவருகே நின்று பார்த்தேன். நம் ஜன்னல் பல்பும் அணைந்திருந்தது.